கழித்துப் பார்த்த ஏழு நிமிடம்

பிப்ரவரி 3, செவ்வாய்

அக்கா,

ஒன்பது தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. அத்தானைக் கூப்பிட்டால், "அவ தலைவலின்னு படுத்திருக்காப்பா" என்கிறார். பின்னால் நீ பாத்திரம் உருட்டுகிற சத்தம் எனக்கு நன்றாகவே கேட்கிறது. அதனால்தான் இந்தக் காகிதம். பழுது பார்த்த இரண்டு கம்ப்யூட்டர்களோடு வேனில் வருகிறது. செவ்வாயும் வெள்ளியும் வேன் உங்கள் பள்ளிக்கு வரும், உனக்கே தெரியும். பதில் எழுதி டிரைவரிடம் கொடு. அவர் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார்.

அலுவலக மின்னஞ்சலில் எழுத முடியாது. விசாரணை முடியும்வரை உன் அஞ்சல்களை எல்லாம் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்துத் தர வேண்டியவன் நான்.

யார் என்ன சொல்லி உன் காதில் விழுந்ததோ தெரியாது, நடந்ததை நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். போன மாதம்தான் உங்கள் பள்ளிக்கு நெட் கேபிள் வந்தது. என் பொறுப்பில் இருக்கிற முப்பத்தெட்டில் கடைசிப் பள்ளி உங்களுடையது. கேபிள் மாட்டியதும் உன் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிற சர்வர் பெட்டி, மாவட்ட அலுவலகத்தோடு பேசித் தன் நேரத்தைத் தானே சரிசெய்துகொண்டது. அப்போதுதான் தெரிந்தது, அது ஏழு நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மணி அடிப்பதும் அதுதான், வாசலில் பிள்ளைகள் அட்டை தேய்க்கிற இயந்திரத்துக்கு நேரம் சொல்வதும் அதுதான். பதிவுகளைப் பார்த்தேன். வருஷத்துக்கு இரண்டு தடவை உன் கணக்கிலிருந்து யாரோ நேரத்தைத் தொட்டு, அந்த ஏழு நிமிடம் ஏழாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நேரில் வந்த அன்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவும் ஏழு நிமிடம் பின்னால்.

வாராந்திர அறிக்கையில் எழுதினேன். "வேண்டுமென்றே செய்யப்பட்டதாகத் தெரிகிறது" என்று ஒரு வரி. அன்று நாற்பது வரி எழுதினேன் அக்கா, அது இருபத்தேழாவது. யாரும் படிக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பதினோரு வருஷமாக யாரும் படித்ததில்லை.

இப்போது வருகைப் பதிவைத் திருத்திய குற்றம் என்கிறார்கள். பத்தொன்பதாம் தேதி விசாரணை. உன் வேலையே போகலாம். ஏன் செய்தாய் என்று மட்டும் சொல். அறிக்கையில் சேர்க்க ஏதாவது ஒரு காரணம் கொடு.

தம்பி

பிப்ரவரி 6, வெள்ளி

மாவட்டத் தொழில்நுட்பப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

பள்ளி அலுவலகக் கண்காணிப்பாளர் எழுதுவது. தாங்கள் அனுப்பிய இரண்டு கம்ப்யூட்டர்களும் வந்து சேர்ந்தன. ஒன்றில் ஸ்பேஸ் பட்டன் இல்லை. போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை, ஆகவே தங்கள் மேல் தவறில்லை. ஏழாம் வகுப்பு புரொஜெக்டர் எல்லாவற்றையும் பச்சையாகக் காட்டுகிறது. புகார் எண் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. எண் பத்திரமாக இருக்கிறது.

காரணம் கேட்டீர்கள். பிரதான சாலைப் பேருந்து எங்கள் வாசலுக்கு ஒன்பது நாலுக்கு வரும். அதற்கு முந்தையது ஆறரைக்கு. அதில் பத்தொன்பது பிள்ளைகள் வருகிறார்கள். பதினோரு வருஷமாக, ஒன்பதுக்கு அடிக்க வேண்டிய எங்கள் மணி ஒன்பது ஏழுக்கு அடித்தது, சாயந்தரமும் ஏழு நிமிடம் தள்ளியே விட்டோம், ஒருவருக்கும் ஒரு நிமிடப் படிப்பும் குறையவில்லை. "ஸ்கூல் டைம்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். தலைமையாசிரியர்கள் நாலு பேர் மாறினார்கள். நாலு பேரும் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

இப்போது தங்கள் பெட்டி திருந்திவிட்டது. தினமும் பத்தொன்பது சிவப்பு விளக்கு. "உங்கள் பிள்ளை தாமதமாக வந்துள்ளார்" என்று வீட்டுக்குச் செய்தி. மூன்று தாமதம் சேர்ந்தால் ஒரு நாள் விடுப்பு. ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண், அட்டையைத் தேய்க்காமலே உள்ளே வர ஆரம்பித்திருக்கிறாள். கேட்டால், "வரலைன்னே இருக்கட்டும் மிஸ், லேட்டுன்னு போனா அப்பா போனைத் தூக்கிக்கிட்டு சண்டைக்கு வருவாரு" என்கிறாள். வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவள் கணக்கில் பதினொரு நாளாக வரவில்லை.

சுவர்க் கடிகாரத்தைத் திருப்பியது நான்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை பெட்டியின் நேரம் நழுவும்போது இழுத்துப் பிடித்ததும் நான்தான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதைத் தேடிக்கொள்ளுங்கள். தேடுவதுதானே தங்கள் பிழைப்பு.

இப்படிக்கு,
கண்காணிப்பாளர்

பிப்ரவரி 10, செவ்வாய்

அக்கா,

"தாங்கள்" என்று எழுதியிருக்கிறாய். அம்மா கோபத்தில்கூட அப்பாவை அப்படி அழைத்ததில்லை.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முப்பத்தெட்டுப் பள்ளிக்கு மூன்று பேர். ஒருத்தி பிரசவ விடுப்பில். இன்னொருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, மேஜைக்கு அடியில் குனிய மாட்டேன் என்கிறார். எங்கள் வேலையில் பாதி மேஜைக்கு அடியில்தான். திறந்து கிடக்கும் புகார்கள் நானூற்றுப் பன்னிரண்டு. நேற்று ஒரு பள்ளியில், "ரெண்டு நாளா நெட்டே இல்ல சார், பிள்ளைங்க பரீட்சை எழுதணும்" என்று அழாத குறையாகக் கூப்பிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் போய்ப் பார்த்தால், டீ கெட்டிலைச் செருக யாரோ நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். நான் திரும்பச் செருகினேன். எனக்கும் டீ கொடுத்தார்கள், குடித்தேன். திட்டக்கூடத் தெம்பில்லை.

இதற்கு நடுவில்தான் இயக்குநர் தினமும் கூப்பிட்டுக் கேட்கிறார். அந்தப் பெட்டிக்குப் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டே பேர் என்றேன். யார் யார்? நான், அப்புறம் பள்ளிக் கண்காணிப்பாளர். "அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர்தானே முதல்ல மாத்தியிருக்கணும்?" என்றார். ஆமாம் என்றேன். பழைய டிஸ்க் நாலு வருஷம் முன்பு செத்துப்போய் மாற்றியதில் ஆரம்பகாலப் பதிவுகள் இல்லை. இல்லாவிட்டால் என்ன, நான் அதைத் தொடவில்லை என்று எனக்குத் தெரியுமே. மிச்சம் நீதான்.

உன்னைக் குறை சொல்லி என்ன பயன், நீ அம்மாவின் பெண். நம் வீட்டுக் கடிகாரம் ஞாபகம் இருக்கிறதா? ஏழு நிமிடம் முன்னால் வைத்திருப்பாள். "அப்பதான் நீங்க ரெண்டு பேரும் கிளம்புவீங்க" என்பாள். வீட்டில் எல்லாருக்கும் அது ஏழு நிமிடம் ஃபாஸ்ட் என்று தெரியும், ஆனாலும் யாரும் அதைத் திருத்த மாட்டோம், கழித்துக்கொள்வோம். நீயும் அதே மாதிரிதான். உன் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்தால் இன்றைக்கும் நான் பழக்கத்தில் மனசுக்குள் ஏழைக் கழித்துத்தான் நேரம் பார்ப்பேன். அம்மா முன்னால் தள்ளினாள், நீ பின்னால் தள்ளினாய், அவ்வளவுதான் வித்தியாசம். கடிகாரத்தைச் சும்மா விட நம் வீட்டுப் பெண்களுக்கு வராது.

கோபப்படாதே. களைப்பில் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் கொடுத்துவிடு, இடமாற்றத்தோடு முடித்துவிடலாம் என்கிறார்கள்.

தம்பி

பிப்ரவரி 13, வெள்ளி

தம்பி,

மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். படித்திருக்கக் கூடாது.

நான் அம்மா மாதிரியா?

அந்தக் கடிகாரம் உனக்கு வேடிக்கை. உன்னை எழுப்பிக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டி இழுத்துக்கொண்டு ஓடினவள் நான். கழித்துக்கொள் என்று நீ சுலபமாகச் சொல்கிறாய். அம்மா, "மணியாச்சு, மணியாச்சு" என்று கத்தும்போது எந்தப் பிள்ளை கழிக்கும்? ஓடுவோம். போய்ப் பார்த்தால் கேட் இன்னும் திறக்காமல் பூட்டியே இருக்கும். வாட்ச்மேன் கம்பிக்கு உள்ளேயிருந்து பார்த்துச் சிரிப்பார். நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய், மூக்கு ஒழுகும். மழையில் நின்றிருக்கிறோம். நான் பத்தாவது முடிக்கும்வரை தினமும்.

என் கையில் ஒரு கடிகாரம் வரட்டும், சரியான நேரம்தான் வைப்பேன் என்று அப்போதே முடிவு செய்தேன். வைத்தும் இருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில் ஒரு கடிகாரமும் ஒரு நிமிடம்கூட முன்னால் ஓடியதில்லை. இந்த ஆபீசுக்கு வந்த முதல் நாள் ஸ்டூல் போட்டு ஏறி, ரேடியோ நேரம் பார்த்து, நானே இந்தச் சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்தேன். உன் பெட்டி வந்த அன்று அது நொடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. நீ வந்து மாட்டிவிட்டுப் போன பிறகுதான் அதைத் தொட்டேன்.

வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கொடுத்தது போதும். மேலே எதுவும் கேட்காதே. பத்தொன்பதாம் தேதி நான் செய்தேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். எனக்கும் அலுத்துவிட்டது.

அக்கா

பிப்ரவரி 17, செவ்வாய்

அக்கா,

வெள்ளிக்கிழமை உன் கடிதத்தை வேனுக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். "நொடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது" என்ற இடத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

சனிக்கிழமை ஸ்டோர் ரூமைத் திறந்தேன். பதினோரு வருஷத்துப் பழைய மவுஸ்கள் ஒரு மூட்டை. அதற்குக் கீழே காகிதக் கோப்புகள். ஒவ்வொரு பள்ளியிலும் பெட்டி மாட்டும்போது ஒப்படைப்புத் தாள் ஒன்று எழுதுவோம், நினைவிருக்கிறதா? உங்கள் பள்ளித் தாள் கிடைத்தது. என் கையெழுத்து: "நேரம் அமைக்கப்பட்டது, பிற்பகல் 3.20." அதற்கு நேர் கீழே உன் கையெழுத்து, முத்திரையோடு: "பெற்றுக்கொண்டேன், பிற்பகல் 3.28."

என் 3.20க்கும் உன் 3.28க்கும் நடுவில் ஒரு நிமிடம்தான் போயிருக்கும். நான் எழுதினேன், பேனாவை உன்னிடம் கொடுத்தேன், நீ எழுதினாய். அவ்வளவுதான்.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்று அது மூன்றாவது பள்ளி. என் போனில் சார்ஜ் இல்லை. பெட்டிக்குள் இருந்த பட்டன் பேட்டரி செத்திருந்தது, புதிதாகப் போட்டேன், நேரத்தைக் கையால்தான் கொடுக்க வேண்டும். நிமிர்ந்து உன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 3.27. உன்னிடம் கேட்டிருக்கலாம். நீ ரெண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாய். கேட்கவில்லை. அக்கா கடிகாரம்தானே, ஃபாஸ்ட்டாகத்தான் இருக்கும் என்று ஏழைக் கழித்துவிட்டு 3.20 என்று அடித்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

முதலில் மாற்றியது நான். இரண்டு பேரில் ஒருத்தர் என்று இயக்குநர் கேட்டபோது, ஒரு நொடிகூட யோசிக்காமல் உன்னைக் காட்டினேன். "வேண்டுமென்றே" என்று எழுதினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா.

பதினோரு வருஷம் ஏன் சொல்லவில்லை? அந்தத் தாளை நகல் எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை கொடுக்கப்போகிறேன்.

தம்பி

பிப்ரவரி 17, அதே நாள்

டேய்,

வேன் வாசலில் நிற்கிறது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார். நிற்கச் சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

அந்தத் தாளைக் கொடுக்காதே. கிழித்துப் போடு. எனக்கு இந்த ஆபீஸ் போனால் வேறு ஆபீஸ். நீ முப்பத்தெட்டுப் பள்ளியின் சாவியை வைத்திருப்பவன். உனக்கு நேரம் வைக்கத் தெரியாது என்று ஆனால், அப்புறம் உன்னை யார் எதைத் தொட விடுவார்கள்?

ஏன் சொல்லவில்லை என்கிறாயே. நீ வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் ஒன்பதாகியும் மணி அடிக்காமல் போக, உன்னைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன். அப்போது பேருந்து வந்து நின்றது. அந்தப் பிள்ளைகள் அதுவரை தினமும் ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழே குனிந்து குனிந்து ஓடுவார்கள், நான் பார்க்கக் கூடாதென்று. அன்று மணி அடிக்கவில்லை என்றதும் நடந்து வந்தார்கள். நிமிர்ந்து, ஏதோ பேசிக்கொண்டு. எனக்கு நாம் பூட்டின கேட்டில் நின்றது ஞாபகம் வந்தது. போனை வைத்துவிட்டு ஸ்டூலைப் போட்டேன். ஒழுங்கான கடிகாரத்தை நானே கெடுத்தேன். கெடுத்த அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாவது ஹாரன். கொடுக்காதே.

அக்கா

பிப்ரவரி 20, வெள்ளி

அக்கா,

கொடுத்துவிட்டேன்.

நீ நேற்றுக் காலையில் உள்ளே போய், "எல்லாம் நான்தான், வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு மறுவாசல் வழியாகப் போய்விட்டாயாம். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர். தண்ணீர் பாட்டில், விசிறி, ஒரு பிரிண்டர். பிரிண்டரில் காகிதம் சிக்கியிருந்தது. பழக்க தோஷம், முதலில் அதை எடுத்துவிட்டேன். பிறகு தாளை வைத்தேன்.

நடுவில் இருந்த பெண் அதிகாரி இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ஏன் ஏழு நிமிஷம் கழிச்சீங்க?"

"எங்க வீட்டுக் கடிகாரம் ஏழு நிமிஷம் ஃபாஸ்ட்டுங்க மேடம்."

"இது ஸ்கூல் கடிகாரம் இல்லையா?"

"ஆமாங்க மேடம். ஆனா எங்க அக்காவோடது."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க வீட்ல பத்து நிமிஷம்" என்றார். அதை மட்டும் குறிப்பில் எழுத வேண்டாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

உனக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும், சுவர்க் கடிகாரத்துக்காகவும் இழுத்துப் பிடித்ததற்காகவும். வேலைக்கு ஒன்றும் ஆகாது. "வேண்டுமென்றே" என்ற வரியை நானே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். என்னிடமிருந்து பொறுப்பை எடுத்துவிட்டார்கள், ஒரு வருஷத்துக்கு. சாவிக்கொத்தை முதுகு பிடித்தவரிடம் கொடுத்தேன். அவர் என்னைவிடச் சோகமாக வாங்கிக்கொண்டார். திங்கள் முதல் நான் பள்ளி பள்ளியாகப் போய்ப் பழுது பார்க்கிறவன்.

இதையும் கேள். வெளியே வரும்போது இயக்குநரிடம், அந்தப் பேருந்துப் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று கேட்டேன். "நேரத்த மாத்தணும்னா அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கே, ஹெச்.எம். கையெழுத்துப் போட்டு அனுப்பினா பத்து நாள்ல ஆர்டர் வந்துடும்" என்றார். எப்போதிலிருந்து இருக்கிறது என்றேன். எப்பவும் இருக்கே என்றார். பதினோரு வருஷம் அக்கா. நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஃபாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒரே பக்கம்தான்.

தம்பி

மார்ச் 6, வெள்ளி

தம்பி,

ஆர்டர் புதன்கிழமை வந்தது, இனி பள்ளி மணி ஒன்பது ஏழுக்குத்தான். இன்று காலை ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பினேன். முழங்கால் முன்பு மாதிரி இல்லை. உன் பாணியில் சொன்னால், எனக்கும் சர்வீஸ் பண்ண வேண்டிய வயதாகிவிட்டது.

ஒன்பது நாலுக்குப் பேருந்து வந்தது. ஒன்பது ஏழுக்கு மணி அடித்தது, இந்தத் தடவை கடிகாரத்திலும் ஒன்பது ஏழு. நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். பதினெட்டுப் பேர் அட்டை தேய்த்தார்கள். அந்த ஐந்தாம் வகுப்புப் பெண் மட்டும் அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "லேட்டு இல்லடி, தேய்" என்றேன். தேய்த்தாள். பச்சை. நம்பாமல் இன்னொரு தடவை தேய்த்தாள். இரண்டு தடவை வந்ததாகப் பதிவாகியிருக்கும், அதை யாராவது வந்து சரிசெய்ய வேண்டும். புகார் எண் வாங்கவில்லை.

ஒரு நாள் முழுக்க உன் மேல் கோபமாக இருந்தேன், தாளைக் கொடுத்ததற்கு. மறுநாள் இல்லை. பதினோரு வருஷம் உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு. அது போனதும் தோள் லேசாக இருக்கிறது. நீ சாவியைக் கொடுத்ததை நினைத்தால் மட்டும் மனசு கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வேனில் நீதான் வருவாய் என்று டிரைவர் சொன்னார். இனிமேல் காகிதம் எதற்கு? புரொஜெக்டர் இன்னும் பச்சைதான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. ஒரு மணிக்கு இலை போடுவேன். என் வீட்டுக் கடிகாரம் சரியான நேரம். எதையும் கழிக்காமல் வா.

அக்கா